தேய்மானம் என்றொரு சொல்

உத்திரமேரூர் சுந்தர வரதராசர் கோயிலுக்கு வந்திருக்கும் நண்பர்களுக்கு அதன் அமைப்பு நினைவிருக்கும். மூன்று தளங்கள், கீழே நின்ற கோலம், நடுவே இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். மேல்தளங்களுக்குச் செல்லக் கருங்கற்படிகள். சிறுவயதில் அக்காவும் நானும் அந்தப் படிகளில் யார் முதலில் ஏறுவது என்று போட்டியிட்டவர்கள். சென்ற மார்கழியில் ஒருநாள் விடியலில் இருவரும் சேர்ந்து போனோம். கீழே வணங்கி முடித்ததும் படியடியில் நின்றுவிட்டாள்.

"நீ போய்ட்டு வா தம்பி. ஏறிடுவேன், எறங்கத்தான் முடியாது."

அக்காவுக்கு வயது 51. ஏரிப் பாசனத்தில் சிறிது நிலம் உண்டு. நாற்று நடவும் களையெடுப்பும் அவளுக்கு இன்றும் அன்றாட வேலைகள். முழங்கால் வலி நான்கு ஆண்டுகளாக இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே முழங்காலுக்குக் கடினம் என்பதும், படிக்கட்டுதான் இந்நோய் முதலில் தன்னை அறிவித்துக்கொள்ளும் இடங்களுள் ஒன்று என்பதும் பிறகு படித்து அறிந்தவை.

அடுத்த வாரமே அவளை நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டிவிட்டு, "ரெண்டு மூட்டும் தேய்மானம் ஆயிடுச்சு. ரெண்டையும் மாத்திடலாம்" என்றார். நாங்கள் உள்ளே இருந்த நேரம் ஆறேழு நிமிடம் இருக்கலாம். வெளியே வந்ததும் ஒரு பெண் கட்டணத்தொகை அச்சிட்ட தாளை நீட்டினார். முன்பணம் கட்டக்கூட நான் ஆயத்தமாகவே இருந்தேன். அக்காதான் கேட்டாள்: "மாத்தினா மறுபடி நடவுக்கு ஒக்காரலாமா?" அந்தப் பெண் சிரித்தார். "இனிமே எதுக்கும்மா நடவெல்லாம்?"

இக்கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியதும், 'தேய்மானம்' என்ற அந்தச் சொல்லைப் பற்றியதும்தான்.

*

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குச் சொற்களின்மேல் சந்தேகம் அதிகம். தேய்மானம் என்பது நகைக்கடையிலும் கணக்குப் புத்தகத்திலும் வழங்கும் சொல். பொன் தேயும், இயந்திரம் தேயும், வண்டிச் சக்கரம் தேயும். ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் தேயாது. இந்த உருவகத்தை முழங்காலுக்குப் பொருத்தியவுடன் நோயாளியின் மனத்தில் இயல்பாக எழும் முடிவு, 'இனி நடக்கக்கூடாது' என்பதே. அக்காவும் அதைத்தான் செய்திருந்தாள். வயல் வேலையைத் தவிர மற்ற நடை அனைத்தையும் குறைத்து, மீதியிருக்கும் எலும்பைச் சேமித்து வைப்பதாக எண்ணியிருந்தாள். அந்த நான்காண்டுகளில் எடை கூடியது. தொடைத் தசை மெலிந்தது. வலியும் ஏறியது.

உண்மையில் நடப்பது வேறு. மூட்டில் எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி நிகழும்போது மூட்டுநீர் அதனுள் புகுந்து வெளியேறுவதால்தான் அது ஊட்டம் பெறுகிறது. அதாவது அளவான அசைவே அதன் உணவு. மேலும் இந்நோயில் குருத்தெலும்பு மெலிவது ஒரு பகுதி மட்டுமே. அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உள்ளுறை, சுற்றியுள்ள தசை எல்லாமே மாறுகின்றன. உடல் தன்னைப் பழுதுபார்க்க முயன்று, முழுமையாக முடியாமல் நிற்கும் நிலை என்று இதைச் சொல்வது பொருத்தமாயிருக்கும்.

சித்த மருத்துவர்கள் இதனை 'அழல் கீல்வாயு' என்ற பெயரோடு இணைத்துப் பேசுகிறார்கள். அந்த மருத்துவத்தின் தகுதியை எடைபோடுவது இங்கே என் நோக்கமன்று. பெயரை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். கீல் என்றால் மூட்டு. கதவைத் தாங்கும் கீலும் அதே சொல்தான். பல நாள் திறக்காத கதவின் கீல் இறுகிப்போகும் என்பது கிராமத்தில் யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தியன்று. ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அக்கா நான்காண்டுகள் நடந்திருப்பாளோ என்று எண்ணிப் பார்க்கிறேன்.

*

நடுவயதில் இந்நோய் வந்தவர்களுக்கு நம்மூரில் இரண்டு வகை அறிவுரைகளே கிடைக்கின்றன. ஒன்று, "இப்போதே மாற்றிவிடுங்கள்." மற்றது, "அறுபது ஆகட்டும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்." இரண்டுமே வயதை மட்டும் பார்ப்பவை, ஆளைப் பார்க்காதவை என்பதே என் குற்றச்சாட்டு.

முதலாவதற்கு எதிரான சான்று வலுவானது. 2017-இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றின்படி, 70 வயதைக் கடந்தபின் முழங்கால் மாற்றுச் செய்துகொண்டவர்களில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு வாழ்நாளில் ஏறத்தாழ 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு அது ஏறத்தாழ 35 விழுக்காடு. பெண்களுக்கு இதைவிடக் குறைவு. ஆயினும் முதியோரைப்போல் அற்பமன்று. இளையவர் அதிகம் நடப்பார், அதிகம் உழைப்பார், அதிக ஆண்டுகள் வாழ்வார். மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது. பலனும் பெரும்பாலும் குறைவு.

இரண்டாவதும் நல்லறிவுரையன்று. வலியைப் பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கால் முழுவதும் நீட்ட முடியாமல் மடங்கியே இறுகிப் போகலாம். நடமாட்டம் குறைய, நீரிழிவும் எடையும் கூடும். 2019-இல் அதே இதழில் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்றது. 'பத்து வருடம்தான் வரும்' என்று திண்ணையில் சொல்வது பழைய கதை. உண்மையிலேயே முழு மூட்டும் சிதைந்து, இரவுத் தூக்கம் கெட்டு, வேறு வழிகளும் தீர்ந்துபோன ஐம்பது வயதினருக்கு முழு மாற்றை மறுப்பது இரக்கமின்மை.

இவ்விரண்டுக்கும் இடையே இருக்கும் வழிகளைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதலில், செய்யவேண்டாத ஒன்று. துளைவழியே குழாய் செலுத்தி மூட்டைக் கழுவி விடுவது ஒருகாலத்தில் மிகப் பரவலாக இருந்தது. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு உண்மையான அறுவை. சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அறுவை நடந்தது போன்ற பாவனை. ஈராண்டுகளுக்குப் பின்னும் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. மூட்டுத் தேய்வுக்கென்று மட்டும் இதைச் செய்வதை இன்று வழிகாட்டு நெறிகள் ஏற்பதில்லை. நம் இரத்தத்தையே பிரித்து மூட்டில் ஏற்றும் பி.ஆர்.பி. ஊசியும் அத்தகையதே. 2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் அது உப்புநீர் ஊசியைவிட மேலானதாக இல்லை. விளம்பரப் பலகைகள் இச்செய்தியை இன்னும் படிக்கவில்லை போலும்.

இரண்டாவது, எலும்பைத் திருத்தி அமைத்தல். நம் பெண்கள் பலருக்கும் முழங்கால் வில்போல் வெளிநோக்கி வளைந்திருக்கும். உடல் எடை மூட்டின் உட்பக்கத்திலேயே விழுந்து அப்பக்கம் மட்டும் கெடும். வெளிப்பக்கம் நன்றாகவே இருக்கும். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பை வெட்டி, ஆப்பு வடிவில் திறந்து, தகடு பொருத்திக் காலின் அச்சை நிமிர்த்தினால் எடை நல்ல பக்கத்துக்கு மாறும். சாய்ந்த பந்தற்காலை நிமிர்த்துவது போன்ற வேலை. எலும்பு கூட வாரங்கள் பல ஆகும். ஊன்றுகோலுடன் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் மூட்டு தன்னுடையதாகவே இருக்கும், உழைப்புக்கும் ஈடுகொடுக்கும். பலருக்கு முழு மாற்றைப் பத்தாண்டு அளவுக்கேனும் தள்ளிவைக்கிறது.

மூன்றாவது, கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றுதல். தசைநார்கள் அனைத்தும் அப்படியே இருப்பதால் நடை இயல்பாக இருக்கிறது, குணமடைவதும் விரைவு. மறு அறுவையின் விகிதம் முழு மாற்றைவிடக் கூடுதல். 2019 தொகுப்பாய்வில் 25 ஆண்டுகள் நிலைத்தவை ஏறத்தாழ 70 விழுக்காடு. நான்காவதாகவே முழு மாற்று வருகிறது. அதிலும் 'மூட்டையே மாற்றுவது' என்ற நம் சொல் தவறான படத்தையே தருகிறது. எலும்பின் முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவி, மேலே உலோக உறையும் கீழே உலோகத் தட்டும் இடையே உயரடர்த்திப் பாலித்தீன் துண்டும் பொருத்துகிறார்கள். அவ்வாறு செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்பது மேலைநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. நோய் முற்றாத நிலையில் செய்துகொண்டவர்கள் இந்த ஒருவராகும் வாய்ப்பு மிகுதி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் இருக்கின்றன. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேலுள்ள சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்குக் கட்டணத்தாள் இல்லை. அதனாலேயே இதை அழுத்திச் சொல்ல ஆள் இல்லை.

*

இடுப்பு மூட்டின் கதை வேறு. எங்கள் கல்லூரி நண்பர் ஒருவர், வேதியியல் ஆசிரியர், 41 வயது. தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் நோய் அவருக்கு. வேறொரு நோய்க்காக நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்து காரணமாக இருக்கலாம் என்றார்கள். மிகுதியான மதுவும் இதற்குக் காரணமாகும். நம் நாட்டில் இளவயதில் இடுப்பு மாற்றுக்கு வருவோரில் பெரும்பகுதியினர் இந்நோயாளிகளே. எலும்புத்தலை இடிந்து விழுவதற்கு முன்பே கண்டுபிடித்தால் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துக் காப்பாற்ற முயலலாம். இடிந்தபின் மாற்றுவதே வழி. நண்பருக்கு இடிந்துவிட்டிருந்தது.

இடுப்பு மாற்று அறுவையின் வரலாற்றை நம் இலக்கிய நண்பர்கள் படிக்கவேண்டும். ஒரு நாவலுக்குரிய பொருள் அதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானைக் குழிப்பகுதியாகப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தன. அத்துகளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு அதன் விளைவை அவர் சோதித்துப் பார்த்தார். 1962-இல் உயரடர்த்திப் பாலித்தீனுக்கு மாறினார். இன்றைய இடுப்பு மாற்று அந்த மாற்றத்திலிருந்து தொடங்குகிறது. தன் பிழையைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்த மருத்துவர் அவர்.

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படி இருக்கவில்லை. எலும்பை வெட்டி எறியாமல் அதன் தலைக்கு உலோகத் தொப்பி அணிவிக்கும் மேற்பரப்பு மாற்று முறை, 1997-இல் பர்மிங்காமிலிருந்து வந்தது. இளவயதினருக்கு ஏற்றது என்று புகழப்பட்டது. அமெரிக்காவில் 2006-இல்தான் அதற்கு ஒப்புதல் கிடைத்தது என்பதால், அதற்கு முன் அமெரிக்கர்களே அந்த அறுவைக்காகச் சென்னைக்கு வந்தார்கள். ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசும் அமைப்பில் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கும் என்பதும், சிறிய மூட்டுடைய பெண்களுக்கு அது தோற்கிறது என்பதும் மெல்லத் தெரியவந்தன. டெப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். மூட்டுகளை 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. அவர்களுக்கான இழப்பீட்டு அளவை, ரூ. 30 இலட்சத்திலிருந்து ரூ. 1.23 கோடி வரை என்று மைய அரசு வகுத்தது 2018-இல்தான். பர்மிங்காம் வகையையும் அதன் உற்பத்தியாளர் 2015-இல் பெண்களுக்குப் பயன்படுத்தவேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். பெரிய மூட்டுத்தலை கொண்ட இளவயது ஆண்கள் சிலருக்கு இன்றும் அது பயன்படுகிறது. புதியது என்பதே தகுதியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'ரோபோ' என்று எழுதிய பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

நண்பர் பீங்கான் தலையுடன் கூடிய முழு இடுப்பு மாற்றுச் செய்துகொண்டார். மூன்று மாதத்தில் கரும்பலகை முன் நின்றார். இடுப்பு மாற்று, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் நடந்தால், அறுவை மருத்துவத்தின் பெருங்கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை.

*

நம் நாட்டில் முழங்கால் மாற்றைப் பலர் கேள்விப்பட்டதே, 2000 அக்டோபரிலும் 2001 ஜூனிலும் பிரதமர் வாஜ்பாயிக்கு மும்பையில் அது நடந்தபோதுதான். இரு முறையும் செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத். வாஜ்பாயிக்கு அப்போது எழுபத்தைந்தைக் கடந்த வயது. அன்று அரசர்க்குரியதாக இருந்தது இன்று குடிமக்களுக்கும் எட்டியிருக்கிறது என்பது மகிழ வேண்டிய செய்தியே. 2017 ஆகஸ்டில் மைய அரசு முழங்கால் உறுப்புகளுக்கு உச்சவிலை விதித்தது. சராசரியாக ரூ. 1,58,000-க்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் வகைக்கு ரூ. 54,720-உம் வரியும் என்று ஆயிற்று. 2012-இல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இன்று ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை தருகிறது. அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்றுகள் நடக்கின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருகிறார்.

ஆக, பணம் மட்டுமே தடை என்ற காலம் போய்விட்டது. இன்றைய தடை கேள்வியின்மை.

மேலை நாட்டில் வடிவமைத்த செயற்கை முழங்காலுக்கு நாற்காலியில் உட்காரும் வாழ்க்கை போதும். நம் ஊரில் சம்மணமிட்டு உண்கிறோம். குந்தி நடவு செய்கிறோம். குந்தியே காலைக்கடன் கழிக்கிறோம். தரையில் மண்டியிட்டு வணங்குகிறோம். முழு மாற்றுக்குப் பின் இவற்றில் பெரும்பாலானவற்றை விட்டுவிடச் சொல்லுகிறார்கள். விடுவது தவறென்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகு அல்ல, முன்னரே சொல்லவேண்டும் என்கிறேன். அக்காவின் கேள்வி அறியாமையிலிருந்து வந்ததன்று. அதுவே சரியான மருத்துவக் கேள்வி. அதற்குச் சிரிப்பைப் பதிலாகத் தந்தவர்கள்தாம் அறியாதவர்கள்.

எங்கள் ஊர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகப் பேசுவார்கள். பராந்தக சோழன் காலத்து, பொ.ஆ. 921-ஐச் சேர்ந்த அக்கல்வெட்டு, வாரியப் பொறுப்புக்கு வருபவர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உள்ளும் இருக்கவேண்டும் என்கிறது. பிறர் சுமையை ஏற்கும் பருவம் அது என்று ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்பே கணித்திருக்கிறார்கள். முதியவருக்கு ஓய்வெடுக்க ஒரு வீடு இருக்கும். நடுவயதினரின் முழங்காலின் மேல்தான் அந்த வீடே நிற்கிறது. ஆறு வாரம் படுத்தால் நடவு யார் செய்வது, மாமியாரை யார் பார்ப்பது என்ற கணக்கோடுதான் அக்கா மருத்துவமனைக்கு வருகிறாள். அந்தக் கணக்கைக் கேட்காமல் முடிவு சொல்பவர் படத்தைப் பார்த்தாரே ஒழிய அக்காவைப் பார்க்கவில்லை.

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வரிசையில் எண்பது பேர் நிற்கும்போது யாரால் நிதானமாகப் பேசமுடியும்? பேசினால் மட்டும் எந்தத் தமிழில் பேசுவது? கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இருந்த ஒன்றையும் பார்த்தேன். முதுகலை படித்த எனக்கே அதன் இரண்டாவது வாக்கியம் பிடிபடவில்லை. ஆண்டுதோறும் கலைச்சொல்லாக்கக் கருத்தரங்கு நடத்தும் நம் தமிழ்த்துறைகள், ஓர் உழவுப் பெண் படித்துப் புரிந்துகொண்டு கையொப்பமிடக்கூடிய நான்கு பக்கத் தாளை இதுவரை எழுதித் தந்திருக்கிறோமா? இந்தக் கேள்வியை முதலில் எனக்கே கேட்டுக்கொள்கிறேன்.

என் வயதொத்த நண்பர்களுக்கு, கேட்கவேண்டியவை இவை. நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தீர்களா? மூட்டின் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது, எந்தப் பக்கம் நன்றாயிருக்கிறது? மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்துபார்த்தால் என்ன இழப்பு? எலும்பைத் திருத்துவதற்கும் பாதி மாற்றுக்கும் நான் ஏற்றவனா, இல்லையெனில் ஏன்? பொருத்தப்போகும் உறுப்பு எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது? தரையில் உட்காரலாமா? மறு அறுவை வேண்டியிருந்தால் அப்போது எனக்கு என்ன வயதிருக்கும்?

இந்தக் கேள்விகளோடு அக்காவை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். கூட்டம் அங்கும்தான். ஆனால் ஓர் இளம் மருத்துவர் அவளை நிற்கவைத்து இடுப்பிலிருந்து பாதம் வரை படமெடுக்கச் சொன்னார். உட்பக்கம் மட்டுமே கெட்டிருந்தது. "என்ன வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டார். முதலில் மூன்று மாதம் பயிற்சி. வலது கால் அதிலேயே தேறக்கூடும். இடது காலுக்கு எலும்பைத் திருத்தும் அறுவை, அதுவும் அறுவடை முடிந்தபின் என்று முடிவாயிற்று. பலன் எப்படியிருக்கும் என்று அவரும் உறுதி சொல்லவில்லை. பிற்காலத்தில் முழு மாற்று தேவைப்படலாம் என்பதை மறைக்கவும் இல்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, செஞ்சிக்கிறேன்" என்றாள். இம்முறை அது அவளுடைய முடிவு.

இப்போது மாலையில் தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது நாற்காலியில் அமர்ந்து, கணுக்காலில் மணல்பை கட்டிக் காலை நீட்டி மடக்குகிறாள். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறாள். வீட்டில் மேலைநாட்டுக் கழிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் கொத்தனாருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே என்னைக் கேட்டாள்:

"நடந்தா தேய்ஞ்சிடும்னாங்களே தம்பி, இப்ப நடக்கச் சொல்றாங்களே. எது நெசம்?"

நடப்பதுதான் என்றேன். நான்கு வருடம் முன்னாடியே இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.